பிடியும் இழுவையும்

பட்டத்தின் இழுவையில், பலகையொன்றின்மீது நின்றபடி கடற்பரப்பிலே சறுக்கிச் செல்லும் கைட்போர்டிங் வித்தையைக் கற்றுக்கொள்ள ராமேசுவரம் தீவுக்கு வருகிற இளைஞர்கள், கடல் எவ்வளவு ஆழம், காற்று ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுமா, நீச்சல் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்றெல்லாம் முதல் நாளிலே ஆவலோடு விசாரிப்பார்கள். தங்கள் உள்ளங்கையைப் பற்றி ஒருவரும் விசாரிப்பதில்லை. மூன்றாம் நாள் காலையில், இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்க்கும்போது, விரல்களின் அடியில் கிழிந்திருக்கும் தோலில் காரம் பட்டு, அவர்கள் சட்டென்று கையை உதறிக்கொள்கிறபோதுதான் அந்த விசாரணை தொடங்குகிறது. பல பருவங்களாக இக்கரையில் இந்த வித்தையைக் கற்பித்து வருகிற நான், அத்தகைய காலைப்பொழுதுகளில் ஸ்பூன் ஒன்றை வரவழைத்துக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்ப்பது வழக்கம். கொப்புளம் எந்த இடத்தில் எழுந்திருக்கிறது என்பதைக் கொண்டே, அந்த மனிதர் முந்தின நாள் கடலில் எப்படி நின்றார் என்பதை ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் அடியிலுள்ள மேட்டில் கொப்புளம் கண்டிருந்தால், பார் என்று நாங்கள் வழங்குகிற அந்தக் குறுக்குக் கோலில் அவர் தம் சரீரத்தின் எடை முழுவதையும் தொங்கவிட்டிருக்கிறார் என்பது நிச்சயம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட மெல்லிய தோல் சிவந்து உரிந்திருந்தால், பாரை ஒரு புறம் இழுத்து மறு புறம் தள்ளித் திருப்புவதற்குப் பதிலாக, மோட்டார் சைக்கிளின் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிற பழக்கத்தில் அதை முறுக்கியிருக்கிறார். இடக்கை மாத்திரம் புண்ணாகி வலக்கை சுத்தமாக இருந்தால், பட்டத்தை ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தார் என்று கொள்ளலாம். இவற்றுள் எதுவும் கையின் குற்றமன்று. கையைக் காப்பாற்றும் உபாயங்களைக் கையுறையிலும் களிம்பிலும் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோவதற்குக் காரணம் இதுவே: உள்ளங்கையில் எழும் கொப்புளத்தின் மூலம் பெரும்பாலும் இடுப்பில் இருக்கிறது, சில சமயம் காற்றைப் பற்றிய தப்புக் கணக்கில் இருக்கிறது, மிகப் பல சமயங்களில் பயத்தில் இருக்கிறது.

கொப்புளம் எவ்விதம் உண்டாகிறது என்பதை மாணவர்களுக்கு விளக்கிச் சொல்வதில் நான் சற்று அதிக நேரம் செலவிடுவதுண்டு. தோலின் மேற்பரப்பு தேய்ந்து தேய்ந்து கொப்புளம் வருகிறதென்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். தேய்வதனால் வருவது சிராய்ப்பு; கொப்புளம் வரும் விதம் வேறு. இறுகப் பிடித்த பாரின்மீது தோலின் மேற்பரப்பு ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்க, இழுவையின் வேகத்தில் உள்ளேயுள்ள எலும்பு முன்னும் பின்னும் நகருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவிலே அகப்பட்ட தோலின் அடுக்குகள் எதிர்த்திசைகளில் இழுபட்டு, மீண்டும் மீண்டும் அவ்விதம் இழுபட்டதன் பயனாக மேல்தோலின் உள்ளடுக்கில் ஒரு பிளவு கண்டு, அந்தப் பிளவிலே நீர் ஊறி நிறைகிறது. உள்ளங்கையின் தோலும் உள்ளங்காலின் தோலும் தடித்தவையாகையால், அந்த நீர் வெளியேறாமல் தங்கிக் கொப்புளமாக உப்புகிறது. மெல்லிய தோலாக இருந்தால் அது கிழிந்து புண்ணாகியிருக்கும். ஈரத்தின் பங்கும் இதில் பெரிது. தோலின் உராய்வைப் பற்றி இங்கிலாந்தில் சோதனைகள் நடத்தி 1955-இல் அவற்றை வெளியிட்ட நேய்லர் என்பவர், நன்கு உலர்ந்த தோலைக் காட்டிலும் ஈரம் பட்ட தோலில் உராய்வு மிகுதி என்று கண்டார். கடலில் நிற்கிறவனுடைய கை உலர்ந்திருக்க வழியில்லை. போதாதற்கு, நெடுநேரம் ஜலத்தில் ஊறிய தோல் இளகி, தன் உறுதியையும் இழந்துவிடுகிறது. ஆகவே நம் கைவசம் எஞ்சியிருக்கிற வழி, அந்தத் தோலின்மீது விழும் இழுவையைக் குறைப்பதொன்றுதான்.

அந்த இழுவை எங்கே செல்ல வேண்டும் என்பதற்கு உபகரணத்தின் அமைப்பே விடை சொல்லுகிறது. இருபது மீட்டருக்கும் அதிகமான நீளமுள்ள நான்கு கயிறுகள் பட்டத்திலிருந்து இறங்குகின்றன. அவற்றுள் நடுக்கயிறுகள் இரண்டும் ஒன்றாகி, பாரின் மத்தியிலுள்ள துவாரத்தின் வழியே புகுந்து, ஒரு வளையத்தில் முடிகின்றன. அந்த வளையம், இடுப்பிலே கட்டிய ஹார்னெஸ் என்னும் அகன்ற பட்டையின் கொக்கியில் மாட்டப்படுகிறது. பட்டத்தின் பெருவிசை முழுவதும் இவ்வழியே இடுப்புக்கு வந்து சேர வேண்டியது. ஓரக் கயிறுகள் இரண்டு மட்டுமே பாரின் இரு முனைகளிலும் கட்டப்பட்டிருக்கின்றன. அவை திசை திருப்பவும், விசையைக் கூட்டிக் குறைக்கவும் ஏற்பட்டவை. விண்ட்சர்ஃபிங் என்னும் பாய்ப்பலகை ஓட்டிகள் தங்கள் பாயின் கோலை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு அவஸ்தைப்பட்ட காலமொன்று இருந்தது. 1970-களில் ஹவாய்த் தீவுகளில் அவர்களிடையே ஹார்னெஸ் வழக்கத்துக்கு வந்த பிறகே மணிக்கணக்காகக் கடலில் நிற்பது சாத்தியமாயிற்று. பிரான்ஸ் தேசத்துப் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த புரூனோ, தொமினிக் லெகெய்ன்யூ என்னும் சகோதரர்கள், காற்றடைத்த குழல்களையுடைய, தண்ணீரில் விழுந்தாலும் மீண்டும் எழும்பக்கூடிய பட்டத்துக்கு 1984-இல் காப்புரிமை பெற்றார்கள். அவ்வழியில் வந்த ஆரம்ப காலத்துப் பட்டங்களில் விசையைக் குறைப்பதற்கான வசதி சொற்பம். 2005 வாக்கில் வெளிவந்த வில் வடிவப் பட்டங்களோடு, பாரைத் தளர்த்திய அளவிலேயே இழுவை ஏறக்குறைய முழுவதும் அடங்கிவிடுகிற நிலை உண்டாயிற்று. இன்று கற்க வருகிறவர் பெற்றிருக்கிற பெரிய சௌகரியம் இது. அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் பாரை இறுகப் பற்றுவதில் ஒரு நன்மையும் இல்லை.

எங்கள் கரையில் இதைப் புரியவைக்க எனக்கு ஒரு நல்ல காட்சி அகப்படுகிறது. தனுஷ்கோடிக்குப் போகும் வழியில் கரைவலை இழுக்கிற இடத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்வேன். நெடுந்தூரம் கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையை இரு புறமும் வரிசையாக நின்று இழுக்கிற அந்த மீனவர்கள், தங்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டிய சிறு கயிறொன்றைப் பெருங்கயிற்றிலே மாட்டி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, காலை மணலில் ஊன்றி அடி அடியாகப் பின்வாங்குவார்கள். கை அந்தக் கயிற்றின்மேல் சும்மா படிந்திருக்கும். வரிசையின் பின்கோடியில் இருப்பவர் தம் சிறு கயிற்றைக் கழற்றி, கடல் விளிம்புக்கு நடந்து போய் வரிசையின் முன்னால் மறுபடி மாட்டிக்கொள்வார். ஒருமுறை எங்கள் மாணவர்கள் ஆர்வ மிகுதியால் உதவிக்குப் போய்க் கயிற்றைக் கையால் இழுக்கத் தொடங்கியபோது, வயது முதிர்ந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, "கையால இழுத்தா ராத்திரி சோறு திங்க கை வேணுமில்ல தம்பி, இடுப்பக் குடு" என்றார். நான் பல நாள் பேசி விளங்கவைக்க முயன்றதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இடுப்பைக் கொடுப்பதற்குத் தடையாயிருப்பது பயம். பட்டம் திடீரென்று வலுவாக இழுக்கும்போது, மனிதனின் கை சுபாவமாகவே எதையாவது இறுகப் பற்றித் தன்பால் இழுத்துக்கொள்ள முயல்கிறது. ஆனால் இந்த வித்தையில் பாரைத் தன்பால் இழுப்பது விசையைக் கூட்டும் செயல். பட்டம் இன்னும் பலமாக இழுக்கிறது. கை இன்னும் இறுகுகிறது. இந்தச் சுழலில் அகப்பட்ட மாணவர் கால் மணி நேரத்திலேயே முழங்கைவரை மரத்துப்போய்க் கரைக்கு வந்துவிடுவார். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண், பாட்மிண்டன் ஆட்டத்தில் நல்ல தேர்ச்சியுள்ளவள், பிடியின் பலத்தினாலேயே பட்டத்தை அடக்கிவிடலாம் என்று முயன்று இரண்டு கையையும் புண்ணாக்கிக்கொண்டாள். "விட்டா பட்டம் கீழ விழுந்துடாதா அண்ணா?" என்பதே அவளுடைய ஓயாத கேள்வி. "விட்டுத்தான் பாரேன்ம்மா, நான் பக்கத்துலதானே நிக்கிறேன்" என்று சொல்லி, இடுப்பளவு தண்ணீரில் அவளுக்குப் பின்னால் ஹார்னெஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பார் அவளைவிட்டு ஒரு முழம் முன்னே நழுவிப்போய் நின்றது. தலைக்கு மேலே பட்டம் சற்றுப் படபடத்துவிட்டு அமைதியாக அதே இடத்தில் நின்றது. அதன் பிறகு ஒரு கையின் இரு விரல்களால் அதைத் தொட்டும் தொடாமலும் அசைத்து, பட்டம் இடமும் வலமும் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் அவள் அங்கிருந்து நகரவில்லை.

இந்தப் பயிற்சியைக் கரையிலேயே செய்விப்பது இன்னும் உத்தமம். பட்டத்தை இணைக்காமல், பாரின் கயிறுகளைச் சவுக்கு மரமொன்றில் கட்டி, மாணவர் ஹார்னெஸில் மாட்டிக்கொண்டு பின்னுக்குச் சாய்ந்து தம் எடை முழுவதையும் கொக்கியில் விட வேண்டும். கைகள் இரண்டையும் பக்கவாட்டில் தொங்கவிட வேண்டும். பின்புதான் பாரைத் தொட அனுமதி. உள்ளங்கை முழுவதும் பதியாமல், விரல்களின் நடுக்கணு பாரின்மேல் வளைந்து நிற்கிற அளவே பிடி. கடலில் போகும்போது ஒரு கையை எடுத்து விரல்களை விரித்து மடக்குவதும், கைகளை மாற்றிக்கொள்வதும், உள்ளங்கை கீழ்நோக்கிய பிடியைச் சிறிது நேரம் மேல்நோக்கிய பிடியாக மாற்றுவதும், ஒரே இடத்தில் அழுத்தம் தங்காமல் பார்த்துக்கொள்ளும்.

பிடியைத் திருத்தியும் கை புண்ணாகிறதென்றால் காற்றையும் கயிற்றையும் சோதிக்க வேண்டும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகிறது என்பது இயற்கையின் கணக்கு. காலையில் 12 நாட் வேகத்தில் வீசிய கச்சான் காற்று பிற்பகலில் 24 நாட்டுக்கு ஏறிவிட்டால், காலையில் பறக்கவிட்ட பெரிய பட்டத்தோடு நிற்கிறவர் முன்னைப்போல் நான்கு பங்கு இழுவைக்கு ஆளாகிறார். கரைக்கு வந்து சிறிய பட்டத்தை எடுத்துக்கொள்ளச் சோம்புவதன் விலையைக் கை கொடுக்கிறது. அவ்வளவு தூரம் ஏறாத காற்றுக்கு, நடுக்கயிற்றிலுள்ள டிரிம் பட்டையை இழுத்துச் சுருக்கினாலே பாரின் கனம் குறைந்துவிடும். இதைக் கடலில் செய்யத் தயங்குகிறவர் அனேகர். ஒரு கையை விட்டால்தான் அந்தப் பட்டையை எட்ட முடியும், அவர்கள் கை பாரைவிட்டு வர மறுக்கிறது.

கயிறுகளின் விஷயம் இன்னும் நுட்பமானது. பெருவிசையைத் தாங்கும் நடுக்கயிறுகள் நாளடைவில் ஓரக் கயிறுகளைவிட அதிகமாக நீண்டுபோகும். அப்போது ஓரக் கயிறுகள் ஒப்பளவில் குட்டையாகி, பாரைத் தளர்த்தியிருக்கும்போதுகூட அதை இழுத்துப் பிடித்திருப்பது போன்ற நிலை ஏற்படும். பட்டம் மந்தமாகப் பின்வாங்கும், பார் கனக்கும். பருவத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் நான்கு கயிறுகளின் நுனிகளையும் ஒரே முளையில் மாட்டி, டிரிம் பட்டையை முழுதும் தளர்த்தி, பாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் எது நீளம், எது குட்டை என்பது உடனே தெரிந்துவிடும். கையில் கொப்புளம் வந்த மாணவருக்கு மருந்து தேடுமுன் அவர் உபயோகித்த பாரை இவ்விதம் முளையில் மாட்டிப் பார்க்க வேண்டியது பயிற்சியாளரின் கடமை என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். பாரின்மேல் சுற்றியுள்ள மெத்தென்ற ஈவா உறையையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அது தேய்ந்து வழவழத்துப் போயிருந்தால் கை தானாகவே இறுகும், வெடித்து விளிம்பு எழுந்திருந்தால் தோலை அறுக்கும். மணலில் போட்ட பாரைக் கடலில் அலசாமல் எடுத்துக்கொண்டு போகவே கூடாது.

கையுறையைப் பற்றி இனிச் சொல்லலாம். நான் அதை ஆரம்பத்தில் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. கையுறை போட்ட கைக்குப் பார் பருமனாகிவிடுகிறது. பருமனான கோலைப் பிடிக்க அதிக பலம் வேண்டும். முன்கைத் தசைகள் சீக்கிரம் களைத்துப்போகும். நனைந்த கையுறைக்குள் சுருக்கம் விழுந்தால், பாரின் வேலையை அந்தச் சுருக்கமே செய்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்துக் காலத்தில் பட்டத்தை அறுத்துவிடுகிற விடுவிப்புக் கருவியைக் கண்ணால் பாராமல் ஸ்பரிசத்தினாலேயே கண்டுபிடித்துத் தள்ள வேண்டியிருக்கிறது. அந்த ஸ்பரிசத்தைக் கையுறை மந்தமாக்கிவிடுகிறது. கையுறை வேண்டுமென்று வற்புறுத்துகிறவர்களை, அதைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி அந்தக் கருவியைப் பலமுறை இயக்கிக் காட்டிய பிறகே கடலில் இறங்க அனுமதிப்பேன். வட ஐரோப்பாவின் குளிர்ந்த கடல்களில் கையுறை அவசியம்; அங்கேகூட, புறங்கையை மட்டும் மூடி உள்ளங்கையைத் திறந்துவிட்ட ஒருவகை உறையைப் பலர் விரும்பி அணிகிறார்கள். நம் கடலில் குளிர் ஒரு காரணமாகாது.

அதைவிட மேலானது துணிப் பிளாஸ்திரி. மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஜிங்க் ஆக்ஸைடு பிளாஸ்திரிச் சுருளே போதும். கை நன்றாக உலர்ந்திருக்கும்போது, பட்டத்தில் காற்றடைப்பதற்கு முன்பே, இதைச் சுற்றிவிட வேண்டும். ஈரக்கையில் ஒட்டியது முதல் அலையிலேயே உரிந்து போகும். பிளாஸ்திரியை நீளவாட்டில் பாதியாகக் கிழித்து, விரலின் அடிக்கணுவில் மட்டும், கணுவின் மடிப்பை விட்டுவிட்டு, ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, முனை புறங்கைப் பக்கமாக முடியும்படி விட வேண்டும். பிறகு முஷ்டியை மூடிப் பார்க்க வேண்டும். விரல் நுனி நீலம் பாய்ந்தால் இறுக்கம் அதிகம். பிளாஸ்திரியில் ஒரு மடிப்பு எழும்பினாலும் பிரித்துவிட்டு மறுபடி சுற்ற வேண்டும், அந்த மடிப்பின் கீழே மாலைக்குள் கொப்புளம் வந்துவிடும். ஒட்டும் இடத்தில் முன்னதாக டிங்சர் பென்சாயின் ஒரு துளி தடவி உலரவிட்டால் பிடிப்பு வெகுநேரம் நிற்கும். புண்ணுள்ள தோலில் அதைத் தடவலாகாது. வெயிலுக்குப் பூசுகிற சன் ஸ்கிரீன் களிம்பைப் பிளாஸ்திரி சுற்றுவதற்கு முன்பே பூசிவிட்டு, உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ள வேண்டும். களிம்பு வழுக்கும், வழுக்குகிற பாரைக் கை தன்னையறியாமல் இறுகப் பற்றும்.

பழகிய கையில் காய்ப்பு விழுவது இயல்பு. அது ஒரு கவசமென்று கருதி அப்படியே வளரவிடுகிறார்கள் சிலர். தடித்து மேடிட்ட காய்ப்பின் விளிம்பு பாரில் சிக்கி, முழுக் காய்ப்பும் அடியோடு பெயர்ந்து வந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் புண் சாதாரணக் கொப்புளத்தைவிட மிகவும் தாமதமாகவே ஆறுகிறது. குளித்தபின் தோல் இளகியிருக்கும் வேளையில் நுரைக்கல்லால் தேய்த்துச் சமமாக்கி, படுக்கப் போகுமுன் சிறிது தேங்காய் எண்ணெய் தடவிவந்தால் காய்ப்பு வளைந்து கொடுக்கும், வெடிக்காது. காலையில் கடலுக்குப் போகுமுன் எண்ணெய் கூடாது.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பிறகும் கொப்புளம் எழுந்துவிட்டால், சிறியதாயின் குத்தாமல் விட்டுவிடுவதே நல்லது. அதன் மேல்தோலைக் காட்டிலும் சுத்தமான கட்டு வேறு கிடையாது. பெரிதாகி வலி பொறுக்க முடியாமல் போனால், சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு கையைக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்த ஊசியினால் ஓரத்தில் குத்தி நீரை வடித்துவிட்டு, மேல்தோலைப் பிய்க்காமல் அப்படியே படியவைத்து, வாசலைன் தடவி, ஒட்டாத துணியால் கட்ட வேண்டும். உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்ற நம்பிக்கையில், கிழிந்த கையோடு மறுபடி கடலில் இறங்குகிறவர்களைக் கண்டிப்புடன் தடுத்துவிடுவேன். வெதுவெதுப்பான கரையோர நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் திறந்த புண்ணின் வழியே புகுந்தால் கடுமையான தொற்றை உண்டாக்கக் கூடியவை. நீரிழிவோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு அவை உயிருக்கே ஆபத்தாகலாம். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலும், வீங்கிச் சுட்டாலும், காய்ச்சல் கண்டாலும், கடலில் இறங்கியிருந்ததைச் சொல்லி அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

விடுமுறை நாட்கள் எண்ணி வைத்த மாதிரி இருக்க, காற்றும் நன்றாக வீச, கரையில் சும்மா உட்கார்ந்திருப்பது இளைஞர்களுக்கு மிகுந்த வேதனை என்பதை அறிவேன். அவர்களை அந்த நாட்களில் பட்டத்துக்குக் காற்றடைக்கவும், பிறர் கிளம்பும்போதும் இறங்கும்போதும் பட்டத்தைப் பிடித்துக்கொடுக்கவும், தீவின் வடபுறக் கடலின் மேலே காற்று எந்நேரம் எப்படி மாறுகிறதென்று குறித்துக்கொள்ளவும் ஏவுவேன். கட்டைப் பிரித்த பிறகு, மரத்தில் கட்டிய பாரை நனைத்துக் கையில் கொடுத்து, சாய்ந்து நின்று இடமும் வலமும் திருப்பச் சொல்வேன். முகம் சுளித்தால் இன்னும் ஒரு நாள். சுளிக்காவிட்டால், அன்றைய காற்றுக்கு ஏற்றதைவிட ஓர் அளவு சிறிய பட்டத்தோடு, காற்று இளகிய காலை வேளையில், அரைமணி நேரத்துக்கு மட்டும் அனுப்பி, அவர் கரையேறியதும் மீண்டும் ஒருமுறை கையைத் திருப்பிப் பார்ப்பேன்.